பலகை ஒன்று சொன்னது, புத்தகம் ஒன்று சொன்னது: பருவ உணவு தரும் ஒயின் பாரில் ஓர் இரவு (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

நாங்கள் ஐந்து பேர். நால்வர் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள், ஐந்தாமவர் எங்களில் ஒருவனுடைய மனைவி. அவன் வேலை பார்த்துக்கொண்டே நான்கு வருடம் படித்து ஒரு தேர்வை முடித்திருந்தான். அந்தச் சந்தோஷத்துக்கு விருந்து வைக்கிறேன், இடத்தை மட்டும் நீ பார்த்துச் சொல் என்றான். இடம் பார்த்ததும் மேசைக்குச் சொல்லி வைத்ததும் நான்தான். அதனால் கீழே வரும் தவறுகளில் மிகப் பெரியது என்னுடையது என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

யார் யார் என்பது இங்கே முக்கியம். விருந்து வைத்த நண்பன் அழுத்தமான சிவப்பு ஒயினை ரசித்துக் குடிப்பவன். அவன் மனைவி பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். ஒயின் எப்போதாவது ஒரு கிளாஸ். கல்லூரித் தோழி அன்று எல்லோரையும் காரில் வீடு சேர்க்க ஒப்புக்கொண்டிருந்தாள், அதனால் அவளுக்கு மது இல்லை. இன்னொரு நண்பனுக்கு எதிலும் விலக்கு கிடையாது. அப்புறம் நான்.

இடம் சிறியது. முப்பது பேர் உட்காரலாம். சமையலறை கண்ணுக்கெதிரே திறந்திருந்தது. ஒயின் பட்டியல் அட்டை போட்ட புத்தகமாக மேசைக்கு வந்தது. உணவுப் பட்டியலோ சுவரில் மாட்டிய கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது, மொத்தம் ஒன்பது வரி. இந்த வித்தியாசத்தை அன்று யாரும் கவனிக்கவில்லை. அந்த இரவின் சிக்கல்களில் பாதி இதற்குள்தான் இருந்தது. ஒயின் புத்தகம் மாதக் கணக்கில் மாறாது. பலகையை ஒவ்வொரு நாளும் அழித்து எழுதுகிறார்கள், அன்று காலை பக்கத்துப் பண்ணைகளிலிருந்து என்ன வந்ததோ அதை வைத்து.

இப்படிச் சமைப்பது புதிய பழக்கம் அல்ல. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆலிஸ் வாட்டர்ஸ் 1971இல் திறந்த ஷே பனீஸ் உணவகம் நாளுக்கொரு மெனு என்று நடத்தி இதைப் பரவலாக்கியது. இத்தாலியில் கார்லோ பெட்ரினி 1980களில் தொடங்கிய ஸ்லோ ஃபுட் இயக்கம் இதற்கு ஒரு கொள்கை வடிவம் கொடுத்தது. என்ன சமைப்பது என்பதை நிலமும் மாதமும் தீர்மானிக்கின்றன. வந்து உட்காருபவரின் விருப்பம் அதற்கு அப்புறம்தான்.

நாங்கள் போனது வசந்தத்தின் தொடக்கம். குளிர் நாடுகளில் சமையல்காரர்களுக்கு மிகக் கஷ்டமான வாரங்கள் இவை. குளிர்காலத்துக்குச் சேமித்த கிழங்கும் முட்டைக்கோஸும் தீர்ந்துகொண்டிருக்கும். கோடைக் காய்கள் இன்னும் செடியில்கூட வந்திருக்காது. இடையில் கிடைப்பது இளம் தளிர்கள், ஆஸ்பராகஸ் என்ற இளந்தண்டு, ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டு, முதல் பட்டாணி, காட்டுக் கீரை, ஜாடியில் ஊறப்போட்ட பழைய கிழங்குகள். பச்சை வாசனையும் கசப்பும் புளிப்பும் தூக்கலாக இருக்கும் பொருட்கள். நல்ல சமையலறையில் இவை அற்புதமாக வரும். ஆனால் ஒயினோடு சேர்ப்பது வருடத்திலேயே மிகக் கடினமான நேரமும் இதுதான்.

முதல் கால் மணி நேரம்

7.30க்கு உட்கார்ந்தோம். பரிமாறிய பெண் ஒயின் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, "இன்றைய பலகையை நான் ஒருமுறை விளக்கிச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நண்பன் அதற்குள் புத்தகத்தைத் திறந்துவிட்டான். கொண்டாட்டம் என்றால் முதலில் ஒரு பாட்டில் திறக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். 14 சதவீத ஆல்கஹால் கொண்ட கேபர்னே சோவிஞோன் என்ற அழுத்தமான சிவப்பு ஒயின் ஒன்றைக் காட்டினான். "உணவைப் பார்த்துவிட்டு ஒயினுக்கு வரலாமே" என்று அவர் மென்மையாகச் சொன்னார். பரவாயில்லை, இதையே கொண்டு வாருங்கள் என்றான் இவன்.

அந்த முடிவுக்கு அவனிடம் காரணங்கள் இருந்தன, அவற்றைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும், தனித்தனியாக வாங்குவதைவிடக் கணக்குக் கட்டும். தெரிந்த ஒயின் என்பதால் ஏமாற வாய்ப்பு குறைவு. எல்லோர் முன்னாலும் தயங்கித் தயங்கிக் கேள்வி கேட்பது அவனுக்குப் பிடிக்காது. இதெல்லாம் யாருக்கும் வரக்கூடிய எண்ணம்தான். ஆனால் நால்வர் மட்டுமே குடிக்கப்போகிறோம், அதில் ஒருவர் ஒரு கிளாஸோடு நிறுத்துவார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. தோழிக்கு என்ன வேண்டும் என்றும் கேட்கவில்லை. அவள் தண்ணீர் போதும் என்று சொல்லிவிட்டாள்.

நான் எதுவும் பேசவில்லை. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று என் இடத்திலிருந்து தெரிந்தது. ஆஸ்பராகஸும் ஆர்ட்டிசோக்கும் கண்ணில் பட்டன. இந்த ஒயின் இவற்றோடு ஒத்துப்போகாது என்று தெரிந்தும், விருந்து அவனுடையது என்று விட்டுவிட்டேன்.

பலகையிலிருந்து சொன்னவை

ஒயின் வரும் முன் உணவைச் சொன்னோம். நெருப்பில் சுட்ட ஆஸ்பராகஸ், எண்ணெயில் வதக்கிய ஆர்ட்டிசோக், ஸ்காலப் எனப்படும் சிப்பி, பட்டாணியும் கீரையும் போட்ட பார்லி, ஊறப்போட்ட கிழங்குத் தட்டு. எல்லாம் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வது.

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பார்லியில் கறி, மீன் ஏதாவது இருக்கா?" பரிமாறியவர், "இல்லை, காய்கறி மட்டும்தான்" என்றார். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது அல்ல. இதற்குப் பிறகு வருகிறேன்.

பாட்டிலில் இருந்த குறை

7.45 வாக்கில் பாட்டில் வந்தது. நண்பனின் கிளாஸில் கொஞ்சம் ஊற்றினார். அவன் ஒரு வாய் குடித்துத் தலையசைத்தான். நால்வருக்கும் ஊற்றிவிட்டுப் போனார்.

என் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தது. பூட்டிக் கிடந்த அறையின் ஈர வாடை போலவும் இருந்தது. பழ வாசனை எதுவும் இல்லை. கார்க்கினால் கெட்ட ஒயினின் அடையாளம் இது. 2,4,6-ட்ரைகுளோரோஅனிசோல் என்ற பொருள்தான் காரணம். ஒயின் உலகில் டி.சி.ஏ. என்பார்கள். கார்க்கில் வளரும் பூஞ்சை சில குளோரின் சேர்மங்களைச் சந்திக்கும்போது இது உருவாகிறது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்தில் இதை அடையாளம் கண்டார்கள். லிட்டருக்கு ஒரு சில நானோகிராம் இருந்தாலே பழகிய மூக்குக்குத் தெரிந்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒயின் செத்துவிடும்.

நண்பனுக்கு ஏன் தெரியவில்லை? கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. டி.சி.ஏ. குறைந்த அளவில் இருக்கும்போது தனக்கென்று பெரிய வாடை எதையும் காட்டாமல், மற்ற வாசனைகளை மூக்கு உணர்வதையே அமுக்கிவிடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் இதைக் காட்டினார்கள். அதனால் பலருக்கு ஒயின் நாற்றமடிப்பதாகத் தெரியாது, 'என்னவோ மந்தமாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். அவனும் பிறகு அதையேதான் சொன்னான்: "போன தடவை குடிச்சது நல்லா இருந்துச்சே, இதுல ஒண்ணுமே இல்லையேன்னு நினைச்சேன்."

நான் கிட்டத்தட்ட 20 நிமிடம் சும்மா இருந்தேன். அவன் சுவைத்து ஒப்புக்கொண்ட ஒயினை எல்லோர் எதிரிலும் மறுப்பது அவனைக் குறை சொல்வதாகிவிடுமோ என்ற பயம். அதற்குள் ஆஸ்பராகஸும் ஆர்ட்டிசோக்கும் வந்துவிட்டன. இன்னொரு நண்பன் ஆர்ட்டிசோக் ஒரு துண்டு சாப்பிட்டு ஒயினைக் குடித்து முகம் சுளித்தான். "இரும்புத் தகட்டை நக்கின மாதிரி இருக்கு" என்றான். அப்போதுதான் விஷயம் இரண்டு என்பது எனக்குப் புரிந்தது. பாட்டில் கெட்டிருந்தது ஒன்று. கெடாமல் இருந்திருந்தாலும் அந்த ஒயின் இந்த உணவுக்குப் பொருந்தியிருக்காது என்பது இன்னொன்று.

நண்பன் கைகழுவப் போனபோது பின்னாலேயே போனேன். "உன் கிளாஸை ஒரு தடவை மோந்து பாரேன், ஈர அட்டை வாடை வருதான்னு சொல்லு" என்றேன். திரும்பி வந்து மோந்து பார்த்தான். என்ன தேட வேண்டும் என்று தெரிந்ததும் அவனுக்கே கிடைத்துவிட்டது. "ஆமாடா. ஆனா நான்தானே சரின்னு சொன்னேன், இப்ப எப்படி திருப்பிக் கொடுக்கறது?" என்று கேட்டான்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதை அறியாமல் பலர் கெட்ட ஒயினைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் போகிறார்கள். முதலில் கொஞ்சம் ஊற்றித் தருவது பாட்டில் கெட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான். பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்பது அதன் நோக்கம் அல்ல. அந்த ஒரு வாயில் கண்டுபிடிக்கத் தவறினால் உரிமை போய்விடும் என்றும் இல்லை. டி.சி.ஏ. கிளாஸில் காற்றுப்பட்டுப் போகப் போக மேலும் தெளிவாகத் தெரிவதுண்டு, மறைவதில்லை. பாதி பாட்டில் காலியான பிறகு சொன்னால் சங்கடம். நாங்கள் சொன்னபோது ஆளுக்கு இரண்டு வாய்தான் குறைந்திருந்தது.

பரிமாறியவர் எடுத்த முடிவு

8.10க்கு நண்பனே அவரைக் கூப்பிட்டுச் சொன்னான். அவர் வாதம் செய்யவில்லை. ஒரு சுத்தமான கிளாஸில் கொஞ்சம் ஊற்றி மோந்து பார்த்தார், "நீங்கள் சொல்வது சரி, மன்னிக்க வேண்டும்" என்று பாட்டிலையும் நான்கு கிளாஸ்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு அடுத்து அவர் செய்தது எனக்கு அந்த இரவிலேயே மிகவும் பிடித்த காரியம். அதே ஒயினில் இன்னொரு பாட்டில் கொண்டுவந்து வைத்திருந்தால் அவர் கடமை முடிந்திருக்கும். அவர் வெறுங்கையோடு திரும்பி வந்து, "அதே ஒயின் வேண்டுமென்றால் உடனே திறக்கிறேன். இல்லையென்றால் மேசையில் இருக்கும் தட்டுகளை வைத்து அரைக் கிளாஸ் அரைக் கிளாஸாகத் தரட்டுமா? பிடிக்காவிட்டால் உங்கள் ஒயினுக்கே போய்விடலாம்" என்றார். நண்பனுக்கு மரியாதையாகப் பின்வாங்க ஒரு வழி கிடைத்தது. சரி என்றான்.

அவர் தந்தது மூன்று, ஒவ்வொன்றும் 75 மில்லி.

ஆஸ்பராகஸுக்கு சோவிஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். ஆஸ்பராகஸில் கந்தகச் சேர்மங்கள் உண்டு. ஓக் பீப்பாயின் வாசனையும், டானின் என்ற பொருள் தரும் துவர்ப்பும் உள்ள ஒயின் அதோடு சேர்ந்தால் உலோகம் போலவோ, அவித்த கீரை போலவோ சுவை திரும்பிவிடும். சோவிஞோன் பிளாங்கில் மெத்தாக்ஸிபைரசின் என்ற பொருள் இயல்பாகவே பச்சைக் குடைமிளகாய் வாசனையைத் தருகிறது. பச்சை பச்சையோடு சேர்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. கேபர்னே சோவிஞோன் என்ற திராட்சை, கேபர்னே ஃப்ராங்கும் சோவிஞோன் பிளாங்கும் இயற்கையாகக் கலந்து பிறந்தது என்று டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் மரபணுச் சோதனையால் நிரூபித்தார்கள். பிள்ளை தோற்ற தட்டில் பெற்றது ஜெயித்தது.

ஆர்ட்டிசோக்குக்கு ஆஸ்திரியாவின் க்ரூனர் வெல்ட்லினர், இதுவும் வெள்ளை ஒயின். ஆர்ட்டிசோக்கில் சினாரின் என்ற பொருள் நாக்கை ஏமாற்றுகிறது. அதைச் சாப்பிட்டபின் தண்ணீர்கூடப் பலருக்கு இனிப்பாகத் தெரியும், லிண்டா பார்டோஷுக் குழுவினர் 1972இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். இனிப்பு ஏறிய நாக்கில் பழச்சுவை நிறைந்த ஒயின் தட்டையாகவும் தித்திப்பாகவும் விழும். இனிப்பே இல்லாத, புளிப்புக் கூர்மையான ஒயின்தான் தாக்குப்பிடிக்கும். அவர் ஆர்ட்டிசோக்கின் மேல் எலுமிச்சையும் உப்பும் கூடுதலாகப் போடச் சொல்லி சமையலறைக்கு அனுப்பினார். அதுவும் உதவியது. வதக்கிய தட்டு திரும்பி வந்தபோது இன்னொரு நண்பன் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

ஸ்காலப்புக்கும் அதே க்ரூனரே போதும் என்றார். சிவப்பு ஒயின் ஏன் வேண்டாம் என்று நண்பன் கேட்டான். ஒயினில் இரும்புச் சத்து கூடுதலாக இருந்தால் கடல் உணவோடு சேரும்போது மீன் கவிச்சி கிளம்பும் என்றார். 2009இல் ஜப்பானில் ஒரு ஒயின் நிறுவன ஆய்வாளர்கள் ஸ்காலப்பை வைத்தே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே 'மீனுக்கு வெள்ளை' என்ற பழைய பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. எல்லாச் சிவப்பிலும் இரும்பு அதிகம் என்று சொல்ல முடியாது, எதில் இருக்கிறது என்று கிளாஸைப் பார்த்துச் சொல்லவும் முடியாது.

மூன்றாவது, நண்பனுக்காக: கமே திராட்சையில் செய்த சிவப்பு. டானின் குறைவு. 13, 14 டிகிரிக்குக் குளிர்வித்துத் தந்தார். ஊறப்போட்ட கிழங்கின் புளிப்போடு அது சண்டை போடவில்லை. நண்பன் அந்த வகையை அதுவரை குடித்ததே இல்லை. இன்னொரு அரைக் கிளாஸ் கேட்டு வாங்கினான்.

சைவத் தட்டு

இதை எழுதத்தான் எனக்குத் தயக்கம், ஆனால் இந்தப் பதிவே இதற்காகத்தான்.

8.25க்குப் பார்லி வந்தது. மனைவி இரண்டு கரண்டி சாப்பிட்டிருப்பார். சோவிஞோன் பிளாங்க் கிளாஸைக் கையில் எடுத்தவர் சும்மா ஒரு சந்தேகமாக, "ஒயின் எல்லாம் சைவம்தானே?" என்று கேட்டார். பரிமாறியவர் பதில் சொல்லுமுன் நின்று யோசித்தார்.

திராட்சையில் செய்ததுதானே என்று நாம் நினைப்போம். ஒயினைத் தெளியவைக்க சில தயாரிப்பாளர்கள் முட்டை வெள்ளைக்கரு, பால் புரதமான கேசின், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் ஆகியவற்றைப் பயன்படுத்துவது உண்டு. இவை மிதக்கும் துகள்களைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும், பிறகு ஒயினைத் தனியே எடுத்துவிடுவார்கள். பென்டோனைட் என்ற களிமண்ணிலும் இதைச் செய்யலாம், எதுவுமே சேர்க்காமல் காலம் கொடுத்தும் தெளியவைக்கலாம். எந்த வழி என்பது பல லேபிள்களில் இருக்காது.

"எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லிப் போனவர் இரண்டு பதில்களோடு திரும்பினார். கிளாஸாகத் தரும் எட்டு ஒயின்களில் இரண்டுக்கு மட்டும் விலங்குப் பொருள் எதுவும் சேர்க்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும். அது முதல் பதில். அடுத்து, முகம் வாட, "ஒயினைப் பற்றிக் கேட்டபோது சமையலறையில் பார்லியைப் பற்றியும் கேட்டேன். இறக்கும்போது பர்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் துருவிப் போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு அது கூடாது என்று நினைக்கிறேன். நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

பர்மிஜானோ ரெஜ்ஜானோ பால், உப்பு, ரென்னட் மூன்றால் மட்டுமே செய்ய வேண்டும் என்பது அதன் விதி. அந்த ரென்னட் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது. பாலை உறையவைக்கும் நொதி அதில் இருக்கிறது. செடியிலிருந்தோ நுண்ணுயிரிலிருந்தோ எடுத்த ரென்னட்டில் செய்த சீஸ்கள் நிறைய உண்டு, ஆனால் இந்தப் பெயர் போட்ட சீஸில் அதற்கு இடமில்லை. கறி இல்லை, மீன் இல்லை என்ற பதில் பொய்யல்ல. ஆனாலும் அந்தத் தட்டு அவருக்கானது அல்ல.

நண்பனின் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கோபப்படவில்லை. பரிமாறியவரிடம், "நீங்க போய்க் கேட்டு வந்து சொன்னதுக்கு நன்றி" என்றார். என்னிடம் திரும்பி மெதுவாக, "அண்ணா, மேசைக்குச் சொல்லும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

சொல்லியிருக்கலாம். பதிவு செய்யும்போது உணவு விலக்கு ஏதாவது உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமையாக விட்டேன். ஒயின் பாரில் காய்கறித் தட்டுகள்தானே அதிகம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மேசையில் நான் செய்த மற்ற தவறுகளுக்குத் தயக்கம் என்று காரணம் சொல்லலாம். இதற்கு அசட்டை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

சமையலறைத் தலைவர் தானே வெளியே வந்தார். பார்லி முழுவதும் ஒரே பாத்திரத்தில் முடித்தது, அதில் சீஸை எடுக்க முடியாது என்று நேராகச் சொன்னார். புது உருளைக்கிழங்கு, காட்டுக் கீரை எண்ணெய், பட்டாணி சேர்த்துத் தனி வாணலியில் ஒன்று செய்து தருகிறேன், 20 நிமிடம் ஆகும் என்றார். சொன்னபடி 8.50க்கு வந்தது. நன்றாக இருந்தது என்று சாப்பிட்டவரே சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் மற்ற நால்வரும் சாப்பிட்டு முடித்திருந்தோம். பகிர்ந்து சாப்பிட வந்த இடத்தில் அவர் மட்டும் தனியாகச் சாப்பிட்டார். அவருக்குக் கம்பெனி கொடுக்கத் தோழி இன்னொரு தட்டு ஆஸ்பராகஸ் வாங்கினாள்.

கார் ஓட்டியவரின் கிளாஸ்

தோழி முதல் 40 நிமிடம் தண்ணீரோடு இருந்தாள். ஒயின் மாறியபோது பரிமாறியவர் அவளிடமும் கேட்டார். சமையலறையில் ருபார்ப் தண்டில் காய்ச்சிய பாகு இருந்தது, அதை சோடாவில் கலந்து தந்தார். பிறகு வெர்ஜூ. ஒயின் திராட்சைக் கொடியில் பாரம் குறைக்கக் கிள்ளிப்போடும் பச்சைக் காய்களைப் பிழிந்த சாறு அது. புளிக்கவைக்காததால் மது கிடையாது, வினிகரைவிட இதமான புளிப்பு. ஆர்ட்டிசோக்கோடு அது க்ரூனருக்கு இணையாக இருந்தது. நாங்கள் மூவரும் அவள் கிளாஸிலிருந்து ருசி பார்த்தோம்.

அந்தப் பலகைக்குப் பொருத்தமான பானம் தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. ஒயின் புத்தகத்தில் அது இல்லை, அதனால் நாங்கள் கேட்கவுமில்லை.

விளைவு

10.15க்குக் கிளம்பினோம். கெட்ட பாட்டிலுக்குக் கணக்கில் எதுவும் போடவில்லை. பார்லிக்கும் போடவில்லை, நாங்கள் மூவர் அதைச் சாப்பிட்டு முடித்திருந்தபோதும். அரைக் கிளாஸ்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பாட்டில் அளவைத் தாண்டவில்லை, அதனால் நண்பன் நினைத்ததைவிடச் செலவு கூடவில்லை.

உணவு நன்றாக இருந்தது என்பதில் ஐவருக்கும் ஒரே கருத்து. இரவு எப்படி இருந்தது என்பதில் அப்படி இல்லை. நண்பனுக்கு நல்ல நினைவு. அவன் மனைவிக்குப் பாதி நினைவு, அந்த இரண்டு கரண்டி அவர் மனதில் இருக்கிறது. மறுநாள் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். "தெரியாமதானே அண்ணா" என்றார். எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் உறுத்தல்.

மாற்ற வேண்டியவை

முதலாவது உணவு விலக்கு. மேசைக்குச் சொல்லும்போதே சொல்ல வேண்டும், 'சைவம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தக் கூடாது. நான் இப்போது எழுதுவது இப்படி: கறி, மீன், முட்டை இல்லை, கறி வேகவைத்த சாறு இல்லை, கன்று ரென்னட்டில் செய்த சீஸ் இல்லை, ஒயினில் மீன், முட்டை, ஜெலட்டின் இல்லை. நான்கு வரி. அன்றைய பொருளை வைத்து அன்றே சமைக்கும் இடத்துக்கு இது மற்ற உணவகங்களைவிட அதிகம் தேவை. அச்சடித்த மெனு இருக்கும் இடத்தில் ஒரு தட்டில் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்திருப்பார்கள். இங்கே மதியம் மாறிய ஒரு பொருள் பரிமாறுபவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இரண்டாவது வரிசை. பலகை முதலில், புத்தகம் பிறகு. கொண்டாட்டத்துக்கு உடனே ஏதாவது கையில் வேண்டும் என்றால் பொங்கும் ஒயின் ஒரு சின்னக் கிளாஸ் வாங்கிக்கொள்ளலாம். புளிப்பும் குமிழியும் உள்ள அது எந்தத் தட்டோடும் பெரிதாகச் சண்டை போடாது, யோசிக்கவும் நேரம் தரும். பாட்டிலா கிளாஸா என்பதை எத்தனை பேர் எவ்வளவு குடிப்பார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகு முடிவு செய்ய வேண்டும். குடிக்காதவரிடம் முதலில் கேட்க வேண்டும், கடைசியில் அல்ல.

ஒயினில் சந்தேகம் வந்தால் உடனே பரிமாறுபவரிடம் "ஒருமுறை மோந்து பார்த்துச் சொல்லுங்களேன்" என்று கேட்பது போதும். திருப்பி எடுங்கள் என்று சொல்லவேண்டியதே இல்லை. அந்த வாக்கியத்தை நான் 7.50க்குச் சொல்லியிருந்தால் 20 நிமிடம் மிச்சமாகியிருக்கும், நண்பனுக்கும் சங்கடம் வந்திருக்காது.

அந்த இடத்தின் பக்கமும் இரண்டு உண்டு. பாட்டிலைத் திறந்ததும் பரிமாறுபவரே மோந்து பார்ப்பது பல நல்ல இடங்களில் வழக்கம், அன்று அது நடக்கவில்லை. இன்னொன்று, பலகையில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் சைவமா இல்லையா என்று காட்டும் ஒரு சின்னக் குறி. இரண்டையும் கிளம்பும்போது சொன்னோம், பரிமாறியவர் எழுதிக்கொண்டார்.

பிறகு நடந்தது

கோடை தொடங்கியதும் அதே ஐவரும் மறுபடி போனோம். இந்த முறை விருந்து என்னுடையது. நான்கு வரியையும் எழுதி அனுப்பியிருந்தேன். பலகையில் இப்போது தக்காளியும் பீன்ஸும் சுரைக்காய்ப் பூவும் இருந்தன. மூன்று தட்டுகளின் பக்கத்தில் பச்சை சாக்பீஸில் இலை போட்டிருந்தது. சமையலறைத் தலைவர் ஒரு தட்டில் செடி ரென்னட்டில் செய்த சீஸைப் போட்டிருப்பதாக மனைவியிடம் வந்து சொன்னார். அவர் அந்தத் தட்டை எல்லோருக்கும் முன்பாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நண்பன் ஒயின் புத்தகத்தைத் திறக்காமல், அந்த கேபர்னே எந்த மாதத்தில் இந்தச் சமையலறைக்குப் பொருந்தும் என்று கேட்டான். காளானும் நெடுநேரம் வெந்த கறியும் பலகைக்கு வரும்போது என்றார் பரிமாறியவர். புரதமும் கொழுப்பும் டானினின் கடுமையைத் தணிக்கும், இலையுதிர் காலத்தில் வாருங்கள் என்றார். அதற்கும் மேசை சொல்லியாகிவிட்டது, உணவு விலக்குக் கட்டத்தை இந்தத் தடவை அவனே நிரப்பினான்.